வேலை தேடும் புதிய விமானிகளுக்கு: இணையத்தில் எதைச் சரிசெய்வது, எதைத் தவிர்ப்பது

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் உரிமத்தைப் படம் பிடித்துப் போடுவது. அடுத்தது, கிடைத்த முகவரிக்கெல்லாம் ரெஸ்யூமே அனுப்புவது. இரண்டையும் ஒரு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். இருநூறு சொச்சம் மணி நேரம் பறந்த ஒருவரைப் பற்றித் தேர்வுக் குழுவுக்குத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. விமானத்தை ஓட்டும் முறையை அவர்கள் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். எழுதியதும் செய்ததும் ஒன்றாக இருக்கிறதா, யாரும் பார்க்காதபோதும் விதிப்படி நடப்பவரா என்பதைத்தான் தேடுவார்கள். அதற்கான தடயங்களை நீங்களே இணையத்தில் விட்டு வைத்திருப்பீர்கள். கீழே உள்ள வரிசையில் போனால் வேலை இரட்டிக்காது.

1. முதலில் உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள்

முதல் விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். உலாவியில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பெயரோடு பயிற்சிப் பள்ளியின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், பள்ளிக் காலத்தில் வைத்திருந்த பழைய பயனர் பெயர்கள் என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். முதல் பக்கத்தோடு நிற்காமல் மூன்றாம் பக்கம் வரை போங்கள். படங்கள் பகுதியையும் பாருங்கள். பிறகு, உங்கள் நட்புப் பட்டியலில் இல்லாத ஒருவரிடம் சொல்லி உங்கள் பக்கங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியாருக்கு எது தெரிகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

அழிக்கத் தொடங்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் உங்கள் தரவு முழுவதையும் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. கோரிக்கை கொடுத்த பிறகு இணைப்பு வரச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்ற வேண்டாம்.

இதில் மூன்று சிக்கல்கள் வரும். டேக்கை நீக்கினால் உங்கள் பெயர்தான் போகும், படம் நண்பரின் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுக்கச் சொல்லி அவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். அழித்த பக்கம் தேடல் முடிவுகளில் சில நாள் தொடர்ந்து தெரியும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுள் படிவத்தில் முகவரியைக் கொடுத்தால் சீக்கிரம் மறையும். மூன்றாவது, கணக்கைப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது. பின்தொடர்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது ஒருவர் எடுக்கும் ஸ்க்ரீன்ஷாட் போதும், பூட்டுக்குப் பொருளில்லை.

எல்லாக் கணக்கையும் மூடிவிட வேண்டும் என்பதில்லை. சாதாரண மனிதரின் சாதாரணப் பக்கம் யாரையும் உறுத்தாது.

2. ஒரே பெயர், ஒரே மின்னஞ்சல், ஒரே எண்

பாஸ்போர்ட், உரிமம், மெடிக்கல் சான்றிதழ், லாக்புக் (பறந்த நேரப் பதிவேடு), ரெஸ்யூமே, லிங்க்ட்இன் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் விரித்த பெயர், மற்றொன்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று இருந்தால் பின்னணிச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். உரிமத்தில் பிழை இருந்தால் திருத்தம் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே இதை முதல் வாரத்திலேயே பாருங்கள்.

மின்னஞ்சல் முகவரி பெயரும் ஓர் எண்ணுமாக இருந்தால் போதும். கேப்டன், ஸ்கை, ஏஸ், டாப் போன்ற சொற்கள் அதில் வேண்டாம். பயிற்சிப் பள்ளி கொடுத்த முகவரியும் வேண்டாம், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள். வாட்ஸ்அப் முகப்புப் படத்தையும் நிலைத் தகவலையும் தேர்வுப் பிரிவில் இருப்பவர் பார்ப்பார் என்று எண்ணியே வையுங்கள்.

லிங்க்ட்இன்னில் உங்களைக் கேப்டன் என்றோ, வேலையில் சேராத நிலையில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் என்றோ போடாதீர்கள். ‘கமர்ஷியல் பைலட், மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்’ என்பது உண்மை, அதுவே போதுமானது (ரேட்டிங் என்பது உரிமத்தில் சேரும் கூடுதல் தகுதி). நான்கு பட்டை வைத்த சட்டையோடு எடுத்த படத்தையும் மாற்றுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்களில் அது கேப்டனின் அடையாளம். இன்னும் சம்பாதிக்காத பட்டையை அணிந்திருப்பதைப் பார்க்கும் மூத்த விமானிக்கு அதற்கு மேல் படிக்கத் தோன்றாது.

3. மணி நேரக் கணக்கு: அதிகம் பேர் விழும் இடம்

பதிவுகளால் வேலை இழந்தவர்களைவிடக் கணக்குப் பொருந்தாமல் வேலை இழந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். லிங்க்ட்இன்னில் 250, ரெஸ்யூமேயில் 230, விண்ணப்பப் படிவத்தில் 212.7 என்று மூன்று எண்கள் இருந்தால், எது உண்மை என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

அடிப்படை வரையறையிலிருந்து தொடங்குங்கள். ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வரையறைப்படி விமானத்தின் பறப்பு நேரம் என்பது, புறப்படும் நோக்கத்துடன் அது முதலில் நகரும் கணம் முதல் பறப்பு முடிந்து இறுதியாக நிற்கும் வரை. சக்கரம் தரையை விட்ட நேரம் அல்ல. பள்ளி சில பக்கங்களில் ஹாப்ஸ் மீட்டரையும் (கடிகார நேரத்தை எண்ணுவது) சில பக்கங்களில் டேக்கோ மீட்டரையும் (இன்ஜின் சுழலும் வேகத்தைப் பொறுத்து எண்ணுவது) வைத்து எழுதியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. எந்த முறையில் எழுதினீர்களோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். கேட்டால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தசமப் பிழை. 1 மணி 45 நிமிடத்தை 1.45 என்று எழுதுவார்கள், சரியான எண் 1.75. ஒரு பறப்புக்கு 18 நிமிடம் குறைகிறது. அப்படி நூறு பறப்புகள் இருந்தால் 30 மணி நேரம் காணாமல் போயிருக்கும். 0.1 என்றால் 6 நிமிடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் சரிபார்த்து மேலே போங்கள். இரண்டு மூன்று நாள் வேலை. தவறு கண்டால் தாளில் சுரண்டவோ வெள்ளை மை பூசவோ கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை எழுதி, கையொப்பமும் தேதியும் இடுங்கள்.

பிரிவுகளைக் கலக்காதீர்கள். பிஐசி (பொறுப்பு விமானியாகப் பறந்தது), டூயல் (பயிற்றுநரோடு பறந்தது), கோ பைலட், கிராஸ் கண்ட்ரி (ஓர் இடத்திலிருந்து வேறு இடத்துக்குப் பறந்தது), இரவு, உண்மையான இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது), பாவனை இன்ஸ்ட்ருமென்ட் என ஒவ்வொன்றும் தனித்தனி. சிமுலேட்டர் நேரத்தை மொத்தப் பறப்பு நேரத்தோடு சேர்த்துக் காட்டுவதுதான் அடிக்கடி பிடிபடும் பிழை. பயிற்றுநர் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பிஐசி என்று போடுவது அடுத்தது. உரிமங்களுக்கான ஐகாவோ இணைப்பு 1 சிபிஎல்லுக்குக் கேட்பது 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் படித்தால் 150. அதில் பிஐசி 100, தொடர் பயிற்சி என்றால் 70. கிராஸ் கண்ட்ரி பிஐசி 20, அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுதாக இறங்கி நின்றிருக்க வேண்டும். உங்கள் நாட்டு எண்கள் இதற்கு மேலாக இருக்கலாம். உங்கள் பிரிவுக் கூட்டல்களை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். கையில் உரிமம் இருந்தும் பிரிவுகள் இதற்குக் கீழே காட்டினால் கூட்டலில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு எண்ணோடும் ஒரு தேதி எழுதுங்கள்: ‘இந்தத் தேதி நிலவரப்படி’. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எல்லா இடங்களிலும் சேர்த்துப் புதுப்பியுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் லிங்க்ட்இன்னில் மணி நேரமே போடாதீர்கள், ரேட்டிங்குகளை மட்டும் போடுங்கள்.

பறக்காத நேரத்தை எழுதுவது பற்றி: செய்யாதீர்கள். பயிற்சி விமானத்தின் பதிவு எண் உங்கள் லாக்புக்கில் இருக்கிறது. அதே விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு பள்ளியில் இருக்கிறது. ஏடிஎஸ்-பி கருவி (இருப்பிடத்தை ஒலிபரப்புவது) பொருத்திய விமானம் என்றால் எந்த நாளில் எவ்வளவு நேரம் வானில் இருந்தது என்பதைப் பறப்புத் தடம் காட்டும் தளங்களில் வெளியாரே பார்க்கலாம். பிடிபட்டால் போவது அந்த வேலை மட்டும் அல்ல, உரிமமும்தான்.

தேர்வுப் பறப்பில் ஒருமுறை தோற்றிருந்தால், படிவம் கேட்கும் இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். என்ன தவறியது, எத்தனை கூடுதல் பயிற்சிக்குப் பின் தேறினீர்கள் என்று இரண்டு வரி. அமெரிக்காவில் முந்தைய பயிற்சி, சோதனைப் பதிவுகளைப் பார்க்க மையத் தரவுத்தளமே இருக்கிறது, அதற்கான இறுதி விதி 2021-இல் வந்தது. தோல்வி பெரும்பாலும் மன்னிக்கப்படும். மறைத்ததற்கு மன்னிப்பு கிடைப்பது அரிது.

4. ஆவணங்கள்: எதை வைத்திருப்பது, எதைக் காட்டாமல் இருப்பது

ஒரு கோப்புறையில் இவற்றை நிறத்துடன் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வையுங்கள்: உரிமத்தின் எல்லாப் பக்கங்களும், ரேட்டிங்குகள், கிளாஸ் 1 மெடிக்கல், ஆங்கிலத் திறன் சான்று, ரேடியோ டெலிஃபோனி உரிமம், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ்கள், எம்சிசி (பல விமானிகள் சேர்ந்து இயங்கும் பயிற்சி) போன்ற கூடுதல் பயிற்சிகள், தலைமைப் பயிற்றுநர் கையொப்பமிட்ட லாக்புக்கின் கடைசி மூன்று பக்கங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், ஆவணத்தின் பெயர், காலாவதித் தேதி மூன்றும் இருக்கட்டும். பல வலைத்தளங்கள் கோப்பின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் ஒவ்வொன்றிலும் முழுத் தரத்தில் ஒரு நகல், சுருக்கியது ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கியதில் உரிம எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

காலக்கெடுவை ஓரிடத்தில் குறித்து வையுங்கள். ஐகாவோ அடிப்படையில் கிளாஸ் 1 மெடிக்கல் பொதுவாக 12 மாதம். ஆங்கிலத் திறன் நிலை 4 என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் நிலை 5 என்றால் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுதேர்வு பரிந்துரைக்கப்படுகிறது, நிலை 6 என்றால் மறுதேர்வு தேவையில்லை. நேர்காணல் அழைப்பு வரும்போது மெடிக்கலில் இரண்டு வாரம்தான் மிச்சம் என்றால் திண்டாட்டம்தான். மூன்று மாதம் மிச்சம் இருக்கும்போதே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றும், உரிமத்தை வழங்கிய அமைப்பு தரும் சரிபார்ப்புக் கடிதமும் வாரக்கணக்கில் இழுப்பவை. எப்போது கேட்பார்கள் என்பதைப் படித்து, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ரொம்ப முன்னதாக வாங்கினாலும் பயனில்லை, சில நிறுவனங்கள் சமீபத்தில் வாங்கிய சான்றை மட்டுமே ஏற்கும்.

இனி காட்டக்கூடாதவை. உரிமத்தின் படத்தில் எண், பிறந்த தேதி, கையொப்பம், சில நாடுகளில் க்யூஆர் குறியும் இருக்கும். போலி உரிமம் செய்பவர்களுக்கு அதைவிடத் தேவையானது எதுவும் இல்லை. மகிழ்ச்சியைப் பகிர வேண்டுமென்றால் மூடிய உரிமத்தைக் கையில் பிடித்த படம் போதும். விமான நிலைய அனுமதி அட்டை, போர்டிங் பாஸ், மெடிக்கல் சான்றிதழ் எதுவும் பொதுவெளிக்கு வரக்கூடாது. முகவர்களுக்கு அனுப்பும் நகலின் குறுக்கே ‘இன்ன நிறுவன விண்ணப்பத்துக்கு மட்டும், இன்ன தேதி’ என்று நீர்க்குறி போடுங்கள். பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைக்காதீர்கள், கட்டத்தை நகர்த்தினால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். மறைக்க வேண்டியதை மறைத்தபின் படமாக மாற்றி அனுப்புங்கள்.

5. காக்பிட் படங்களும் வீடியோக்களும்

ஒரு தேர்வாளர் உங்கள் பறப்பு வீடியோவில் இயற்கைக் காட்சியைப் பார்ப்பதில்லை. ஃபோனை யார் பிடித்திருக்கிறார், ஆல்டிமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, தோள் பெல்ட் போட்டிருக்கிறதா, மேகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, செக்லிஸ்ட் எங்கே கிடக்கிறது என்றுதான் பார்ப்பார். தனியாகப் பறந்தபோது கையில் ஃபோனோடு எடுத்த இறங்கும் காட்சி, அந்தக் கணத்தில் அந்தக் கை விமானத்தில் இல்லை என்பதற்கான சாட்சி.

இது அவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விதியே இதன் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் ஸ்டெரைல் காக்பிட் விதி 1981-இல் வந்தது: தரையில் நகர்ந்து செல்லும்போதும் (டாக்சி), புறப்படும்போதும், இறங்கும்போதும், பயண உயரத்தில் சீராகப் பறக்கும் நேரம் தவிர 10,000 அடிக்குக் கீழே எங்கும் பணிக்குத் தேவையற்ற பேச்சோ செயலோ கூடாது. 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் 188 விமானத்தின் இரு விமானிகளும் மடிக்கணினியில் மூழ்கி, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி ஏறத்தாழ 150 மைல் போய்விட்டார்கள். யாருக்கும் காயமில்லை, ஆனாலும் இருவரின் சான்றிதழ்களும் ரத்து செய்யப்பட்டன. 2014-இல், பணியிலிருக்கும் விமானி காக்பிட்டில் சொந்த வேலைக்காக மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் இறுதி விதியும் வந்தது. இந்த விதிகளோடு தினமும் வாழ்கிறவர்தான் உங்கள் ரீல்ஸைப் பார்க்கப் போகிறார்.

அதனால் நீக்க வேண்டியவை: தாழப் பறந்த காட்சிகள், நண்பரின் வீட்டுக்கு மேல் சுற்றியவை, பறக்கும்போது லைவ் போனவை, பயணியாக ஏற்றியவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தவை. நிலையாகப் பொருத்திய கேமரா எடுத்தது, பயிற்றுநருக்கும் பள்ளிக்கும் தெரிந்து எடுத்தது என்றால் வைத்திருக்கலாம். அதையும் தரைக்கு வந்தபின் பதிவிடுங்கள்.

மது விஷயத்தில் நேரம் காட்டிக் கொடுக்கும். அமெரிக்க விதிப்படி குடித்து எட்டு மணி நேரத்துக்குள் விமானப் பணியாளராகச் செயல்படக் கூடாது. பல நிறுவனங்களின் சொந்த விதி அதைவிடக் கடுமை. இரவு 11 மணிக்குக் கோப்பையோடு ஒரு படம், காலை 6 மணிக்குக் காக்பிட்டிலிருந்து இன்னொரு படம் என்றால், நடுவில் ஏழு மணி நேரம்தான். கையில் இருந்தது பழச்சாறு என்று விளக்க உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது. சீருடையில் கோப்பையோடு ஒரு படமும் வேண்டாம். ‘மூணு மணி நேரம்தான் தூங்கினேன், ஆனாலும் பறந்துட்டேன்’ என்ற பெருமிதமும் இதே வகைதான், களைப்போடு பறந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவே ஆகும்.

மனச்சோர்வோ உடல்நலக் குறைவோ இருந்தால் அதைப் பொதுவெளியில் எழுத வேண்டியதில்லை, ஆனால் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. விமான மருத்துவரையோ சக விமானி ஆதரவுத் திட்டத்தையோ அணுகுங்கள். ஐரோப்பிய விதிகளின்படி விமான நிறுவனங்கள் அத்தகைய திட்டத்தை வைத்திருக்கவே வேண்டும். உதவி கேட்டதற்காக உங்கள் வாழ்க்கை முடிந்துவிடாது.

6. விபத்து நடந்த நாளில் கை கட்டி இருங்கள்

செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் ‘இது விமானியின் தவறுதான்’ என்று எழுதும் புதிய விமானி, தன்னைப் பற்றித்தான் எழுதிக்கொள்கிறார். விபத்து விசாரணைக்கான ஐகாவோ இணைப்பு 13, அந்த விசாரணையின் ஒரே நோக்கம் தடுப்பு, பழி சுமத்துவது அல்ல என்று சொல்கிறது. முதற்கட்ட அறிக்கை 30 நாளில் அனுப்பப்பட வேண்டும், இறுதி அறிக்கைக்கு 12 மாதம் இலக்கு. நிபுணர்களுக்கே அவ்வளவு காலம் தேவைப்படும்போது, ஒரு மங்கலான வீடியோவை வைத்து ஃப்ளாப் (இறக்கையில் இறக்கி ஏற்றும் மடிப்பு) நிலையைச் சொல்லிவிட முடியாது. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் அந்த விமானத்தில் இருந்தவரோடு பறந்தவராக இருக்கலாம் என்பதையும் நினையுங்கள்.

உங்கள் பள்ளி விமானத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் இன்னும் கவனம். குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் பதிவு எண்ணோ படமோ குழுவில் போகக் கூடாது. பத்திரிகையாளர் அழைத்தால் ‘விசாரணை நடக்கிறது, பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். நேரில் பார்த்தவர் என்றால், பார்த்ததை அன்றே தாளில் எழுதி விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.

7. குழுக்களில் கேட்பதும் பேசுவதும்

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் நல்ல தகவல் கிடைக்கும். ஆனால் அங்கே இருக்கும் மூத்தவர்களில் சிலர் நாளை உங்கள் சிமுலேட்டர் (சிம்) மதிப்பீட்டில் உட்காருபவர்கள். ‘சார், வேகன்சி இருக்கா?’ என்ற கேள்விக்குப் பதில் வராததற்குக் காரணம், அதற்குப் பதில் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை என்பதே. இப்படிக் கேளுங்கள்:

‘வணக்கம் கேப்டன். போன மாதம் சிபிஎல், மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் முடித்தேன். மொத்தம் 212 மணி நேரம். உங்கள் நிறுவனத் தளத்தில் குறைந்தபட்சத் தகுதியைப் படித்தேன். எம்சிசி சான்றிதழ் விண்ணப்பிக்கும்போதே வேண்டுமா, தேர்வான பிறகு போதுமா என்பது மட்டும் அதில் தெளிவாக இல்லை. நேரம் இருக்கும்போது சொன்னால் உதவியாக இருக்கும்.’

ஒரு கேள்வி, அதுவும் நீங்களே தேடிக் கிடைக்காத கேள்வி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குப் பிறகு விட்டுவிடுங்கள். முதல் செய்தியிலேயே பரிந்துரை கேட்காதீர்கள், உங்களோடு ஒருமுறைகூடப் பறக்காதவர் எதை வைத்துப் பரிந்துரைப்பார்?

தேர்வுக் கேள்விகளையும் சிம் மதிப்பீட்டின் விவரங்களையும் பகிர்வது பல இடங்களில் நீங்கள் கையொப்பமிட்ட ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது. பகிர்ந்தவர் யார் என்பதைத் தேதியையும் அந்த அறையில் இருந்த சிலரையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். புனைபெயரும் அதே கதிதான்: பள்ளி, விமான வகை, பறந்த மாதம் மூன்றும் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

பள்ளியோடு பணத் தகராறு இருந்தால் அதை எழுத்தில், ரசீதுகளோடு, பள்ளிக்கும் தேவைப்பட்டால் ஒழுங்குமுறை அமைப்புக்கும் அனுப்புங்கள். பராமரிப்புக் குறையைக் கண்டால் பாதுகாப்புப் புகார் வழி இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குழுவில் கொட்டினால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் படிப்பவருக்கு மிஞ்சுவது அந்தக் கோபம்தான்.

8. விண்ணப்பத்தை அனுப்பும்போது

நிறுவனத்துக்குத் தனி வலைவாசல் இருந்தால் அதில் மட்டும் விண்ணப்பியுங்கள். மின்னஞ்சலில் மறுபடி அனுப்புவதால் வேகம் கூடாது. மின்னஞ்சல்தான் வழி என்றால் பொருள் வரியில் பதவி, பெயர், முக்கிய ரேட்டிங் இருக்கட்டும். ரெஸ்யூமே ஒரு பக்கம். ஒரே கடிதத்தில் பல நிறுவன முகவரிகளைச் சேர்த்து அனுப்பாதீர்கள், எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும். நிறுவனத்தின் பெயரையும் அதன் விமான வகையையும் அனுப்பும் முன் சத்தமாகப் படித்துப் பாருங்கள். போயிங் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஏர்பஸ் ஓட்ட ஆசை என்று எழுதிய கடிதங்கள் நிறையப் போகின்றன. சாட்பாட் எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படியே அனுப்பினால், அதே வாக்கியங்கள் பத்துப் பேரின் கடிதத்தில் இருக்கும்.

நிராகரித்தால் மறு விண்ணப்பத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. பாதி தயாராக விண்ணப்பித்தால் அந்தக் காலம் முழுவதும் வீண். நிராகரிப்புக் கடிதத்துக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள், காரணம் கேட்டு வாதாட வேண்டாம்.

9. பணம் கேட்டால்

நேர்காணல் இல்லாமல் வேலை, இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து நியமனக் கடிதம், விசா வைப்புத் தொகை, ‘இன்று மாலைக்குள்’ என்ற அவசரம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள். நிறுவனத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல. டொமைன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், ஒரு எழுத்து மாறியிருக்கும். அது எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரம்) தேடலில் பார்க்கலாம். பல ஆண்டுகளாக இயங்கும் நிறுவனத்தின் பெயரில் போன மாதம் பதிவான டொமைன் என்றால் அது மோசடி.

சில உண்மையான திட்டங்களிலும் மதிப்பீட்டுக் கட்டணமோ பயிற்சிச் செலவோ உண்டு. அதனால் கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்ல முடியாது. அந்தத் தொகை நிறுவனத் தளத்திலேயே இருக்கிறதா, பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறதா, தோற்றால் எவ்வளவு திரும்பும், பயிற்சி மையம் ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்ற நான்கையும் எழுத்தில் பெற்ற பிறகே கட்டுங்கள்.

வேலை உறுதியாகாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய விதிகளில் டைப் ரேட்டிங் ஓராண்டுதான் செல்லும், புதுப்பிக்க மறுபடி சிம் செலவு. 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று இறக்கம் என்ற அண்மை அனுபவத் தேவையும் இருக்கிறது. வேலை ஒரு வருடம் தள்ளிப்போனால் காகிதம் மட்டும் மிஞ்சும், பழக்கம் போயிருக்கும். விளம்பரத்தில் அந்த ரேட்டிங்கைக் கட்டாயம் என்று கேட்கும் நிறுவனங்களை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

10. வீடியோ நேர்காணலும் அதற்குப் பின்னும்

நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) வந்தால் யூடிசியிலேயே உறுதிப்படுத்திப் பதில் எழுதுங்கள். முந்தைய நாள் அதே அறையில், அதே இணைப்பில், அதே நேரத்தில் ஒரு நண்பரோடு ஒத்திகை பாருங்கள். திரையில் தெரியும் பெயர் பாஸ்போர்ட் பெயராக இருக்கட்டும், விளையாட்டுக்கு வைத்த பெயர் அல்ல. சீருடை வேண்டாம், கோட்டும் டையும் போதும். பக்கத்தில் குறிப்பு வைத்துப் படித்தால் கண் காட்டிக் கொடுத்துவிடும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எந்தக் கையேட்டில் பார்ப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உரையாடலைப் பதிவு செய்யாதீர்கள்.

தேர்வான செய்தி வந்ததும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகி, நிறுவனத்தின் சமூக ஊடக விதியைப் படித்த பிறகு போகலாம். பயிற்சி தொடங்கியதும் எஸ்ஓபி (செயல்முறைக் கையேடு) பக்கங்கள், சிமுலேட்டர் திரை, ரோஸ்டர் (பணி அட்டவணை), டேப்லெட்டில் உள்ள சார்ட்டுகள் (வான்வழி வரைபடங்கள்) எதையும் படம் எடுத்துப் பகிரக்கூடாது. கையேடுகள் நிறுவனத்தின் சொத்து, சார்ட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு, ரோஸ்டர் உங்களோடு பறப்பவர்கள் எந்த இரவில் எந்த ஊரில் தனியாகத் தங்குகிறார்கள் என்பதை அறியாதவர்களுக்குக் காட்டும். தங்கும் விடுதியின் படத்தையும் அங்கிருந்து கிளம்பிய பின்பே போடுங்கள்.